ஐந்தாவது ஏன்

ஆறுச்சாமி செத்துப்போன மாதத்தில், கொங்குமணி கிரைண்டர்ஸ் கம்பெனியின் தொழிலாளர் பங்கேற்பு நூறு சதவீதத்திலிருந்து தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறுக்கு இறங்கியது. அதற்கு முன்னால் அந்தக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் ஓய்வு பெற்றிருக்கிறார்கள், ஒருவர் துபாய் போயிருக்கிறார், ஒருவர் வெள்ளியங்கிரி மலைக்குப் போய் சாமியாராகியிருக்கிறார். அப்போதெல்லாம் சதவீதம் அசையவில்லை. ஏனென்றால் அவர்கள் அந்த மாதத்து யோசனைச் சீட்டை எழுதிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆறுச்சாமி மட்டும் பாதியில் போய்விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது மேஜையில் இருந்த மஞ்சள் சீட்டில், "மூன்றாவது லைனில் குழவிக்கல் வைக்கும் பலகையை அரையடி" என்று எழுதியிருந்தது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாததால் பலகை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

கம்பெனி, கோயம்புத்தூரிலிருந்து தொண்டாமுத்தூர் போகிற வழியில் இருந்தது. காலம், இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வரப்போகிற காலம். அங்கே ஒரு சட்டம்: இருநூற்றைம்பது தொழிலாளர்களும் மாதத்துக்கு ஒரு யோசனையாவது எழுதியாக வேண்டும். நேற்றைவிட இன்றைக்கு ஒரு பொட்டளவாவது எதையாவது மேம்படுத்தியாக வேண்டும். மேம்பாடு என்பது நின்றுவிட்டால் சைக்கிள் மாதிரி விழுந்துவிடும் என்று கேன்டீன் சுவரில் படம் போட்டிருந்தார்கள்.

ஆறுச்சாமி இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்துமூன்று யோசனைகள் போட்டவர். அந்தக் கடைசிப் பாதிச் சீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாசல் பிள்ளையாரை இரண்டடி நகர்த்தினால் பூசாரிக்குப் பதினாறு தப்படி மிச்சம் என்றார். பிள்ளையார் நகர்ந்தார். யோசனைப் பெட்டியைக் கழிப்பறைப் பக்கம் மாற்றச் சொன்னார். "மனுசனுக்கு நல்ல புத்தி அங்க போய்ட்டு வர்றப்பத்தானுங்க வருது" என்பது அவர் எழுதிய காரணம். மாற்றிய மாதமே சீட்டுகள் இரண்டு மடங்காயின. நம்புகிறவர்கள் நம்பலாம், கம்பெனியில் அதற்கு வரைபடம் இருக்கிறது.

அவர் மனைவி துளசிமணி, பணியாளர் எண் 417. அதே மூன்றாவது லைனில், நான்காம் நிலையத்தில், கிரைண்டருக்கு பெல்ட் மாட்டுகிறவள். லைனின் கடைசியில் நின்று ஒவ்வொரு கிரைண்டரையும் ஓட்டிப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வது ஆறுச்சாமியின் வேலை. இருவருக்கும் நடுவே பதினெட்டடி. வீட்டில் பேசியதைவிட அந்தப் பதினெட்டடித் தூரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ரகோத்தமன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடும் ஒரு படிவத்தோடும் வந்தார். மெட்ராஸ்காரர், நல்லவர், அழுகிறவர்கள் எதிரில் கால் மேல் கால் போட மாட்டார்.

"குழுக் கூட்டம் எல்லாத்தையும் பதிவு பண்ணி வச்சிருக்கோம்மா," என்றார். "லைன் கேமராவும் இருக்கு. இருபத்திரண்டு வருஷம். அவர் எதைப் பாத்தார், எதை நிறுத்தினார், என்ன சொன்னார், எல்லாம் இருக்கு. அதையெல்லாம் படிச்சுட்டு அவர் மாதிரியே யோசிக்கிற பெட்டி ஒண்ணு செய்யலாம். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அவர் நின்ன இடத்துல வச்சுடுவோம்."

"பேசுமுங்களா?"

"பேசும். அவர் குரல்லயே."

ரகோத்தமனிடம் இன்னும் நான்கு பக்கம் விளக்கம் இருந்தது. அதற்குள் துளசிமணி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பெட்டி வந்த நாள் காலையில் முதல் கிரைண்டர் லைன் முனைக்குப் போனது. பெட்டியின் கண்ணாடிக் கண் அதைப் பார்த்தது. ஓட்டம் கேட்டது. பிறகு ஆறுச்சாமியின் குரல், தொண்டையில் வெற்றிலை ஒதுக்கினாற்போல், நிதானமாக வந்தது.

"அது கெடக்குது, நா ஒண்ணு சொல்றே. இந்த டிரம் கொஞ்சம் ஆடுதாட்ட இருக்குது. ஏன் அம்மிணி, நீ அங்கிருந்து பாக்கறப்ப உனக்கு ஆடுதா?"

லைன் முழுக்கக் கைகள் நின்றன. டிரம் மாட்டுகிற ருக்மணி பிள்ளையாரிடம் ஓடினாள். மோட்டார் முடுக்குகிற பட்டீசுவரன், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாரு, மாமனுக்கு உசுரு போயும் வாய் அடங்குல."

துளசிமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆடுதுங்க," என்றாள் பெட்டியிடம்.

அதன்பின் இரண்டு மாதம் ஊரில் எந்த விதவைக்கும் கிடைக்காத வாழ்வு அவளுக்குக் கிடைத்தது. காலை எட்டரைக்கு வந்தால் ஐந்து மணிவரை புருஷனோடு இருக்கலாம். புருஷனோடு இருக்கிற பெண்டாட்டி என்ன செய்வாளோ அதையே அவளும் செய்தாள். குறை கண்டுபிடித்தாள்.

ஆறுச்சாமி உயிரோடிருந்த காலத்தில் எதைக் கேட்டாலும், "அது கெடக்குது, நா ஒண்ணு சொல்றே" என்று இழுக்காமல் பதில் சொன்னதில்லை. வீடு பற்றி எரிகிறது என்றாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். இருபத்துநான்கு வருஷம் அவள் அதற்காகத் திட்டியிருக்கிறாள். பெட்டியும் அதையே செய்தது. மாதக் கடைசியில் மஞ்சள் சீட்டு எழுத உட்கார்ந்தபோது, வேறொன்றும் தோன்றாமல், திட்டிய வாக்கிலேயே எழுதிவிட்டாள்: "சோதனைப் பெட்டி பதில் சொல்லுமுன் சுற்றி வளைப்பதால் கிரைண்டருக்கு ஏழு விநாடி வீண்."

அவள் நினைத்ததெல்லாம், ரகோத்தமன் சிரிப்பார், ருக்மணி சிரிப்பாள், பட்டீசுவரன் பெட்டியிடம் போய், "மாமா, அக்கா உங்க மேல புகார் குடுத்திருக்குது" என்பார், பெட்டி அதற்கும் ஏதாவது சொல்லும் என்பதுதான். புருஷன் மேல் சொல்கிற குறையை யாராவது நிறைவேற்றி வைப்பார்கள் என்று எந்தப் பெண்டாட்டி எதிர்பார்ப்பாள்?

கம்பெனியில் எல்லாக் குறையும் நிறைவேறும். அவர்கள் லைனின் மேம்பாட்டுக் குழுவுக்கு எறும்புக் குழு என்று பெயர். துளசிமணி, ருக்மணி, பட்டீசுவரன், வழிகாட்ட ரகோத்தமன், உறுப்பினர் பதவியை விடாத ஆறுச்சாமி. பெட்டி கை தூக்க முடியாதென்பதால் அதன் தலையில் ஒரு பச்சை விளக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் கை தூக்காவிட்டாலும் எந்த மாற்றமும் கிடையாது என்பது விதி. அன்றைக்கு எல்லாக் கையும் எழுந்தது. பெட்டியின் விளக்கும் எரிந்தது. தன்னை மேம்படுத்த வேண்டாமென்று ஆறுச்சாமி என்றைக்குச் சொன்னார்? துளசிமணிக்கு அந்த மாதத்துச் சிறந்த யோசனைக்கான எவர்சில்வர் தூக்குப்போணி கொடுத்தார்கள்.

மறுநாள் பெட்டி, "டிரம் ஆடுது. மாத்துங்க," என்றது. இருபத்துநான்கு வருஷத்தில் முதன்முறையாகக் கேட்ட மாத்திரத்தில் பதில். துளசிமணிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வடவள்ளி தாண்டும்வரை எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போலிருந்தது. பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது.

அடுத்தது கதைகள். ஆறுச்சாமியின் பெரியப்பா வைத்திருந்த காளை ஒன்று சனிக்கிழமை ஒருபொழுது விரதம் இருக்கும். மற்றொரு காளை பேரூர்த் தேரை ஒற்றையாக இழுத்து, நிலை சேர்த்துவிட்டு, திருநீறு வாங்காமல் வீடு திரும்பாது. பெட்டி இவற்றையெல்லாம் மோட்டார் சூடாறும் இடைவெளியில் சொல்லிக்கொண்டிருந்தது.

"சரிபாக்க முடியாத தகவலைச் சோதனைக் கருவி சொல்றது நல்லதில்லை," என்றார் ரகோத்தமன். "இன்னிக்குக் காளையைப் பத்திச் சொல்லும். நாளைக்குக் கிரைண்டரைப் பத்தியும் அப்படித்தான் சொல்லுமான்னு ஆடிட்டர் கேப்பார்."

கோளாறுக்குக் காரணம் தேட மீன் முள் மாதிரி ஒரு படம் வரைவது வழக்கம். தலையில் கோளாறு, முள்ளுக்கு முள் காரணங்கள். அன்று மீனின் தலையில் "காளை" என்று எழுதினார்கள். ஒரு மணி நேரம் முள் முள்ளாக ஆராய்ந்தார்கள். கதை சொல்லும் அந்த மூன்று நிமிஷத்தில் ருக்மணியின் கை தாமதமாவது புள்ளிவிவரத்தில் தெரிந்தது. ருக்மணி தலையைக் குனிந்துகொண்டு கை தூக்கினாள். ருக்மணியைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடுமே என்று துளசிமணியும் தூக்கினாள். பட்டீசுவரன் கடைசியாகத் தூக்கினார். "காளைக்கு இன்னைக்கிருந்து எல்லா நாளும் ஒருபொழுது," என்றார்.

இப்படி மாதத்துக்கு ஒன்றாகப் போனது. பாட்டை முணுமுணுப்பது போனது. மழை வருமா என்று கேட்பது போனது. ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் துளசிமணியின் கை மேலே போனது. பெட்டியின் தர மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது.

ஏழாம் மாதம் இரண்டாவது லைனிலிருந்து ஒரு சீட்டு வந்தது. சோதனைப் பெட்டி எல்லாரையும் எண் சொல்லிக் கூப்பிடுகிறது; 417-ஐ மட்டும் "அம்மிணி" என்கிறது; இது பாரபட்சம்.

கூட்டத்தில் ரகோத்தமன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு இஷ்டமில்லேன்னா விட்டுடலாம்மா. ஒருத்தர் தூக்கலைன்னாலும் போதும்."

அறையில் மூன்று ஜோடிக் கண்களும் ஒரு கண்ணாடிக் கண்ணும் அவளைப் பார்த்தன. வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நாற்பத்தெட்டு வயதில், புருஷன் செத்த ஏழாம் மாதத்தில், நாலு பேர் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

துளசிமணி எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கினாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல், "வந்துட்டேனுங்க," என்றாள்.

"417, வருகை பதிவாகியது," என்றது ஆறுச்சாமியின் குரல்.

அதற்கப்புறம் அவளுக்குத் தினமும் காலையில் எழுகிற கேள்வி ஒன்றுதான். அதற்குள்ளே அவர் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறாரா? வேலை நடுவில் தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்ப்பாள். ருக்மணியின் கிரைண்டர் திரும்பி வரும், பட்டீசுவரனுடையது திரும்பி வரும். எண், குறை, திருப்பி அனுப்பவும். குரல் மட்டும் அதே வெற்றிலைக் குரல். ஒரு நாள் ருக்மணியிடம் கேட்டாள்: "உனக்கு இது அவராட்ட இருக்குதா?"

"குரல் இருக்குதக்கா."

"அதுதான் எனக்கும் தெரியுதே."

"எனக்கென்ன தெரியும்? இருபது தடவ எம்பட கிரைண்டரத் திருப்பியுடுது. உம்படத ஒண்ணக்கூடத் திருப்புல. நீ நல்லா மாட்றே, நா மாட்டறதில்ல, அவ்வளவுதான்."

பதினோராம் மாதம், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மாள் பஸ் ஏறி வந்தார். தோசை மாவு அரைத்து விற்கிறவர். மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து கருகிய பெல்ட் ஒன்றை எடுத்து ரகோத்தமனின் மேஜையில் வைத்தார்.

"கல்யாண வீட்டு ஆர்டருங்க. அரிசி ஊறிக் கெடக்குது. பெல்ட்டு வழுக்கி, மோட்டாரு பொகைஞ்சு போச்சு. அரிசி போனாப் போகுது சாமி. விடிஞ்சா எல போடோணும், மாவில்லைன்னு நா அவங்க வாசல்ல போய் நின்னனே, அதுக்கு நீங்க என்ன மாத்திக் குடுப்பீங்க?"

ரகோத்தமன் புதுக் கிரைண்டர் மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டார், காபியை வாங்கவில்லை.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு புகார்கள். மூன்றும் மூன்றாவது லைன். மூன்றும் நான்காம் நிலையம்.

எறும்புக் குழு கூடியது. பெல்ட் நடு மேஜையில் கிடந்தது, ரப்பர் கருகிய வாடையோடு. துளசிமணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவள் மாட்டியதுதான்.

கம்பெனியில் பெரிய கோளாறு என்றால் ஐந்து முறை ஏன் என்று கேட்பார்கள். மேலே தெரிகிற காரணத்தை நம்பக் கூடாது, ஐந்தடி தோண்டினால்தான் வேர் வரும் என்பது அதன் தத்துவம். ஐந்து கட்டமும் நிரம்பாமல் படிவம் முடியாது. யாருக்குப் பதில் தெரியுமோ அவர் சொல்ல வேண்டும். இந்த முறை பெட்டியைக் கேட்பதென்று முடிவாயிற்று.

"ஏன் பெல்ட் வழுக்கியது?" என்று ரகோத்தமன் படித்தார்.

"தளர்வு," என்றது பெட்டி. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"ஏன் தளர்ந்த பெல்ட் வெளியே போச்சு?"

"சோதனையில் சரி என்று அனுப்பப்பட்டது."

"தளர்வுன்னு தெரியலையா?"

"தெரிந்தது."

பட்டீசுவரன் நாற்காலியில் நெளிந்தார். ரகோத்தமன் பேனாவை எடுத்தார். "தெரிஞ்சும் ஏன் அனுப்பினது?"

"பணியாளர் 417 மாட்டும் பெல்ட் பின்னர் இறுக்கப்படும்."

"ஏன்? யார் இறுக்குவா?"

"ஆறுச்சாமி இறுக்குவார்."

ரகோத்தமன் எழுதுவதை நிறுத்தினார். பிறகு கணினியில் பழைய கேமராப் பதிவுகளைத் திறந்து, நான்காம் நிலையம், டீ நேரம் என்று தேடினார். திரையில் ஆள் இல்லாத லைன் வந்தது. எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். ஆறுச்சாமி மட்டும் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நான்காம் நிலையத்திலிருந்து வந்த கிரைண்டர்களைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மோட்டாரை ஒரு நூலளவு தள்ளி, திருகை முடுக்கி, எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். ரகோத்தமன் வேறொரு நாளைப் போட்டார். அதே லைன், அதே ஆள், வேறு சட்டை. வேறொரு வருஷத்தைப் போட்டார். தலைமுடி கொஞ்சம் கறுப்பு.

"எப்பருந்துங்க?" என்று துளசிமணி கேட்டாள்.

"பதினோரு வருஷமா," என்றார் ரகோத்தமன். "ஒரு நாளைக்கு மூணு நாலு."

பதினோரு வருஷத்துக்கு முன் குழவிக்கல் ஒன்று அவள் வலது கட்டைவிரலில் விழுந்திருந்தது. எலும்பு கூடியது. வலு கூடவில்லை. பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை விரல் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது; அதுதான் சோதனை. வலுவில்லாத விரல் அழுத்தினால் தளர்ந்த பெல்ட்டும் முறுக்கேறிய பெல்ட் மாதிரிதான் இருக்கும். விரல் வலிப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

"டீக்கு ஏன் வரமாட்டீங்கறீங்கன்னு நா தெனமும் சண்ட போட்டிருக்கேனுங்க," என்றாள். "பொண்டாட்டியோட உக்காந்து டீ குடிச்சாக் கவுரவம் கொறஞ்சு போகுமான்னு கேட்டிருக்கேன். அது கெடக்குது, நா ஒண்ணு சொல்றேம்பாரு. காளை கதையச் சொல்லுவாரு."

பட்டீசுவரன் தொண்டையைச் செருமினார். "என்னோட ஸ்பேனருதானுங்க அது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வாயத் தொறந்தா, தேரிழுக்கற காளைகிட்ட உன்னைய மிதிக்கச் சொல்லிப்போடுவேன்னாரு."

ருக்மணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு ஏன் இருக்கு," என்றார் ரகோத்தமன். அவருக்கு அதைக் கேட்க விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனால் படிவத்தில் கட்டம் இருந்தது. பெட்டியின் பக்கம் திரும்பினார். "ஏன் ஆறுச்சாமி இறுக்குவார்?"

பெட்டி பதில் சொல்லவில்லை. ஒரு விநாடி போயிற்று, மூன்று போயிற்று, ஏழு போயிற்று. ஆறுச்சாமி அதற்குப் பதில் சொல்வதாயிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அந்த வழிகளையெல்லாம், இழுவை, கதை, பாட்டு, அம்மிணி என்ற ஒரு சொல் என்று மாதம் ஒன்றாகக் குழுவே அடைத்திருந்தது. நேராகச் சொல்வதற்கு அவரிடம் எப்போதும் வார்த்தை இருந்ததில்லை.

"தகவல் இல்லை," என்றது பெட்டி.

ரகோத்தமன் மெதுவாகப் பேசினார். "சரி பண்றது சுலபம்மா. அஞ்சு நிமிஷ வேலை. 417-ஐயும் மத்தவங்க மாதிரியே பாருன்னு சொல்லிட்டாப் போதும். தளர்வா இருந்தா உங்களுக்கே திரும்பி வந்துடும். பட்டீஸ் இறுக்கிக் குடுப்பார். வேலைக்கு ஒண்ணும் பங்கமில்லை. கை தூக்கறவங்க தூக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

"அதை எடுத்துட்டா," என்று துளசிமணி கேட்டாள், "அதுக்குள்ள அவரு வேற என்னுங்க மிச்சம் இருக்கும்?"

"குரல் இருக்கும்."

"குரலு போன்லயும் இருக்குதுங்க."

ரகோத்தமன் பேனாவை மூடினார்.

"ஆனா அப்படியே விட முடியாதும்மா," என்றார் கடைசியில். "கோபி அம்மா மாதிரி இன்னொருத்தங்க வந்து நிப்பாங்க."

"விடச் சொல்லுலீங்க. நானும் இருவது வருசம் இந்த வேலைதான் பாத்திருக்கேன். கெட்ட பெல்ட்டு வெளிய போகக்கூடாது." கருகிய பெல்ட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "அந்தச் சலுகை நாலாம் நெலையத்துக்கா, எனக்கா?"

"உங்க எண்ணுக்குத்தான்."

"அப்ப வேற ஆரு நின்னாலும் ஒழுங்கா வேல பாக்கும்."

"பாக்கும்."

"அப்பப் பெட்டியத் தொடாதீங்க. என்னைய மாத்துங்க."

ரகோத்தமன் காலியாக இருக்கிற இடத்தை யோசித்தார். "பேக்கிங்லதான் இருக்கு. பின்னாடி ஷெட். அங்கேருந்து பெட்டி பேசறது கேக்காதும்மா."

"கேக்க வேண்டாங்க. இருந்தாச் செரி."

படிவத்தை வாங்கி, ஐந்தாவது ஏன் என்ற கட்டத்தில் "417" என்று எழுதினாள். அதற்குக் கீழே நிரந்தரத் தீர்வு என்ற கட்டம் இருந்தது. "417-ஐ பேக்கிங்குக்கு மாற்றவும்" என்று எழுதினாள். எல்லாக் கையும் எழுந்தது. பட்டீசுவரனின் கை பாதியில் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். மீதியும் எழுந்தது.

நான்காம் நிலையத்தில் அவளுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நாள் முழுக்க பட்டீசுவரன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெல்ட்டையும் தன் விரலால் அழுத்திப் பார்த்து அனுப்பினார். ஐந்து மணிக்கு லைன் நின்றது. ருக்மணி கை கழுவப் போனாள். ஒரு கிரைண்டர் மட்டும் மிச்சமிருந்தது.

துளசிமணி அதன் மோட்டார்த் திருகைத் தளர்த்தினாள். பெல்ட்டை மாட்டினாள். விரல் வைக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது. கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. எந்தக் கம்பெனியிலும் எந்தக் குருடனும் அதை நல்ல பெல்ட் என்று சொல்ல மாட்டான். அந்தக் கிரைண்டரைத் தள்ளிக்கொண்டு பதினெட்டடி நடந்து பெட்டியின் முன்னால் நிறுத்தி, சுவிட்சைப் போட்டாள். டிரம் சுற்றவில்லை. மோட்டார் மட்டும் தனக்குத்தானே பாடியது. பெல்ட் படபடவென்று அடித்துக்கொண்டது.

கண்ணாடிக் கண் பார்த்தது.

"சரி," என்றது ஆறுச்சாமியின் குரல். "அனுப்பலாம்."

துளசிமணி சுவிட்சை அணைத்தாள். பட்டீசுவரன் ஸ்பேனரோடு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேன்டீன் பக்கம் ஏதோ வேலை இருப்பவர் போல் போய்விட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து நான்காம் நிலையத்தில் வேறொருத்தி. புகார்கள் நின்றுபோயின. பெட்டியின் மதிப்பெண் நூறானது. ரகோத்தமனுக்கு ஒரே ஒரு உறுத்தல்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது லைனில் செய்த கிரைண்டர் இருநூற்றுப் பதினொன்று. திருப்பி அனுப்பியது ஒன்றுமில்லை. ஆனால் பெட்டி சோதித்ததாகப் பதிவாகியிருந்தது இருநூற்று இருபத்தேழு. ஐந்து மணிக்குப் பிறகு ஒரே கிரைண்டரைப் பதினேழு முறை பார்த்து, பதினேழு முறையும் சரி, அனுப்பலாம் என்று சொல்லியிருந்தது.

விளங்காத எண்ணை விட்டுவைப்பது அவர் வழக்கமில்லை. எறும்புக் குழுவைக் கூட்டி, பலகையில் "ஏன்?" என்று எழுதி, காரணம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ருக்மணி நகத்தைப் பார்த்தாள். பட்டீசுவரன் மின்விசிறியைப் பார்த்தார். பெட்டியின் விளக்கு எரியவில்லை.

ரகோத்தமன் கொஞ்ச நேரம் சாக்பீஸோடு நின்றார். பிறகு பலகையைத் துடைத்தார். அந்த மாதம் எறும்புக் குழுவின் பங்கேற்பு பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. மேலிடத்திலிருந்து காரணம் கேட்டு வந்த கடிதத்துக்கு அவர் இன்னும் பதில் எழுதவில்லை.